வங்கக்கடலில் ஒரு தாழ்வு: முதல் செய்தியிலிருந்து கரை கடக்கும் வரை கவனிப்பது எப்படி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அன்றைக்கு வங்கக்கடலில் புயல் எதுவும் கிடையாது. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். அதே மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல் சென்னையில் கரை கடக்கவே இல்லை. 5-ம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே போய்த்தான் ஏறியது. ஆனால் 3, 4 தேதிகளில் ஏறக்குறைய நூறு கி.மீ. தள்ளிக் கடலில் நகர்ந்தபடியே சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போனது.

ஆகவே "இது புயலாகுமா, என்ன பெயர்?" என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். கவனிக்க உட்காருபவருக்கு வேண்டிய கேள்விகள் வேறு. மையம் என் ஊருக்கு எந்தத் திசையில் இருக்கிறது? எவ்வளவு தூரத்தில்? என்ன வேகத்தில் நகர்கிறது, அல்லது நின்றுவிட்டதா? இந்த மூன்றுக்கும் நாளுக்கு இரண்டு முறை பதில் எழுதத் தெரிந்துவிட்டால், தொலைக்காட்சியில் ஓடும் எழுத்துகளைவிட உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

1. பகுதி வேறு, மண்டலம் வேறு

செய்தியில் அடிக்கடி குழம்புவது இங்கேதான். "காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்பது தொடக்கநிலை. அதில் காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே இருக்கும். "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" அடுத்த படி, ஏறத்தாழ 50 கி.மீ. வரை. ஆழ்ந்த தாழ்வு மண்டலம் 61 வரை. 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். 89-லிருந்து தீவிரப் புயல், 118-லிருந்து மிகத் தீவிரப் புயல், 167-லிருந்து அதி தீவிரப் புயல், 222-க்கு மேல் சூப்பர் புயல். பெயர் 13 நாடுகள் சேர்ந்து கொடுத்த பட்டியலிலிருந்து வரிசைப்படி வருகிறது. பெயர் வைக்கும் பொறுப்பு டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மையத்துக்கு.

இந்தப் படிகள் எல்லாமே காற்றை வைத்துப் போட்டவை என்பதை மறக்கக்கூடாது. மழைக்கும் அவற்றுக்கும் நேரடிக் கணக்கு இல்லை. மழைக்குத் தனி நிறம் இருக்கிறது: ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 20-க்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் இந்த மூன்றோடுதான் பொருத்துவார்கள். "வெறும் தாழ்வு மண்டலம்தானே" என்று ஒருவர் சொல்லும்போதே மாவட்டத்துக்குச் சிவப்பு கொடுத்திருந்தால், நான் நிறத்தைத்தான் நம்புவேன்.

2. ஒரு நோட்டும் ஐந்தரை மணி நேரமும்

செயலிகள் பத்து வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நோட்டு இல்லாமல் இந்த வேலை நடக்காது. நேற்று என்ன சொன்னார்கள் என்பது இன்றைக்கு நினைவிருக்காது. நினைவிருப்பதாகத் தோன்றுவதும் பெரும்பாலும் நமக்குப் பிடித்த பதிப்பாகத்தான் இருக்கும்.

அறிக்கைகளிலும், கணினி மாதிரிகள் (வரப்போகும் வானிலையைக் கணக்கிடும் நிரல்கள்) தரும் படங்களிலும் நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 00 என்றால் காலை 5:30, 03 என்றால் 8:30, 12 என்றால் மாலை 5:30. மழை அளவு காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரையிலான கணக்கு. இரவு முழுக்கப் பெய்த மழை எந்தத் தேதியில் பதிவாகிறது என்ற சண்டைக்கெல்லாம் இதுதான் மூலம்.

3. ஒரு வாரம் முன்பு: பார்க்கலாம், சொல்லக்கூடாது

பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தெற்கு அந்தமான் கடல், தென்கிழக்கு வங்கக்கடல் பக்கம்தான் பெரும்பாலும் கரு உருவாகும். கடல் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பார்கள். வங்கக்கடலில் அந்த நாட்களில் அது பெரும்பாலும் 28, 29 டிகிரி இருக்கும். அதனால் "கடல் சூடாக இருக்கிறது, புயல் வரும்" என்பது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. தடுப்பது வேறு இரண்டு: கீழ்மட்டக் காற்றும் மேல்மட்டக் காற்றும் வேறு வேறு வேகத்தில், வேறு வேறு திசையில் இழுப்பது ஒன்று, பக்கத்திலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுவது இன்னொன்று.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் திறப்பது விண்டி மாதிரியான செயலி. அதில் ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரியும் தெரியும். பத்தாம் நாளில் அழகான சிவப்புச் சுழி ஒன்று கடலூர் மேல் உட்கார்ந்திருக்கும். நானும் ஒரு நவம்பரில் அப்படி ஒரு படத்தை எடுத்து உறவினர் குழுவில் போட்டேன். கல்யாணத் தேதியையே தள்ளி வைக்கலாமா என்று பேச்சு போனது. மறுநாள் படத்தில் அந்தச் சுழி மியான்மரில் இருந்தது, அதற்கடுத்த நாள் எங்குமே இல்லை. கல்யாணம் வெயிலில் நடந்தது.

ஆகவே ஐந்து நாளுக்கு மேல் உள்ளதை ஒற்றைப் படமாகப் பார்க்க வேண்டாம். ஒரே மாதிரியைத் தொடக்கநிலையில் சின்னச் சின்ன மாற்றம் செய்து பல முறை ஓட்டிய குழுக் கணிப்பு கிடைக்கும். ஐரோப்பிய மையம் 51 முறை ஓட்டுகிறது. கோடுகள் ஒரு கொத்தாக வந்தால் நம்பிக்கை கூடுகிறது. ஒடிசாவிலிருந்து இலங்கை வரை விசிறி போல விரிந்தால் "இன்னும் தெரியவில்லை" என்றுதான் பொருள். ஒரு பழக்கம் உதவும்: எப்போதும் ஒரே நேரத்தில் ஓட்டிய பதிப்பை, உதாரணமாகக் காலை 5:30 பதிப்பை மட்டும், நாளுக்கு நாள் ஒப்பிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து பாதை ஒரே பக்கமாக, சரி, வடக்காக என்று வைத்துக்கொள்வோம், விலகிக்கொண்டே போனால், நான்காம் நாளும் அப்படியே விலக வாய்ப்பு உண்டு.

4. அறிக்கையை வரைபடத்தில் இறக்குவது

தாழ்வு மண்டலம் ஆனதும் டெல்லி மையம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அறிக்கை தரத் தொடங்கும். புயலானால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வரும். இதுதான் கையில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள். ஆனால் பெரும்பாலானவர்கள் "நாகைக்குத் தென்கிழக்கே 350 கி.மீ." என்ற வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. நேற்று காலை 8:30-க்கு மையம் 9.0 வடக்கு, 84.0 கிழக்கு. இன்று காலை 8:30-க்கு 10.0 வடக்கு, 83.0 கிழக்கு. அட்சரேகையில் ஒரு டிகிரி 111 கி.மீ. தமிழகத்தின் உயரத்தில் தீர்க்கரேகையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 109 கி.மீ. ஆக 111 வடக்கே, 109 மேற்கே. குறுக்காக அளந்தால் சுமார் 155 கி.மீ., வடமேற்குத் திசை. 24 மணி நேரத்துக்கு 155 என்றால் மணிக்கு ஆறரை கி.மீ. நாகப்பட்டினம் 10.8 வடக்கு, 79.8 கிழக்கு. மையத்திலிருந்து அங்கே போக இன்னும் சுமார் 360 கி.மீ. இருக்கிறது. இதே வேகத்தில் வந்தால் சுமார் 55 மணி நேரம். அதே சமயம் போகிற திசையை ஸ்கேல் வைத்து நீட்டினால் கோடு நாகையைத் தாண்டி நன்றாக வடக்கே போய்விடும். "நாகையை நோக்கி" என்று யாராவது சொன்னால், அது திரும்பப்போகிறது என்று அவர் நம்புகிறார் என்று பொருள். ஏன் திரும்பும் என்பதுதான் நீங்கள் அறிக்கையின் அடுத்த பத்தியில் தேட வேண்டியது.

இந்த வேகக் கணக்கில் ஆபத்தான எண் பெரியது அல்ல, சின்னது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வருவது அடித்துவிட்டுப் போய்விடும். மூன்றுக்கும் கீழே இறங்கினால், அல்லது "கடந்த ஆறு மணி நேரமாக அதே இடத்தில்" என்ற வரி வந்தால், நோட்டில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் அருகே நின்றது. வலுவிழந்துவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் டெல்டா மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்தன. 2024-ல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறிய பின் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை.

படத்தில் மையத்தின் முன்னால் விரியும் கூம்பு பற்றியும் ஒரு வார்த்தை. மையம் எங்கெல்லாம் போகலாம் என்பதற்கான எல்லை அது. மழையின் அகலமோ காற்றின் அகலமோ அது இல்லை. கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று துணி காயப் போடுபவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள்.

எச்சரிக்கையின் படிகளும் உங்களுக்கு நேரம் சொல்லும். புயலின் தாக்கம் எதிர்பார்க்கப்படும் நேரத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு முன்-கண்காணிப்பு, 48 மணி நேரம் முன்பு உஷார் நிலை, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை, 12 மணி நேரம் முன்பு கரை கடந்த பிறகான நிலை பற்றிய குறிப்பு. ஆனால் கடல் எல்லா நேரமும் இந்த அட்டவணைக்குக் கட்டுப்படாது. 2017-ல் ஒக்கி நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், 30 காலையில் கன்னியாகுமரி பக்கம் புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குத் திரும்ப நேரம் இருக்கவில்லை. கரைக்கு அருகே உருவாகும் தாழ்வை நாளுக்கு இரண்டு முறை பார்த்தால் போதாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

5. செயற்கைக்கோள் படம்

இன்சாட் படங்கள் அரை மணிக்கு ஒன்று கிடைக்கும். பகலில் கண்ணுறு படம் (வெளிச்சத்தில் எடுப்பது) பாருங்கள், இரவில் அகச்சிவப்பு (வெப்பத்தை வைத்து எடுப்பது). இரவுப் படம் ஏமாற்றும். அதில் உயரமான குளிர்ந்த மேகம் மட்டுமே பளிச்சென்று தெரியும், கீழே சுழலும் தாழ்வான மேகம் மறைந்துவிடும். அதோடு கடலின் மேல் இடிமேகங்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் இயல்பாகவே பொங்கும். அதனால்தான் அதிகாலை நாலு மணிக்கு "பயங்கரமாக வலுக்கிறது!" என்று பதிவு போடுபவர் பத்து மணிக்குக் காணாமல் போகிறார்.

காலையில் வெளிச்சம் வந்ததும் தேட வேண்டியது ஒன்றுதான்: கீழ்மட்டச் சுழி மேகக் குவியலுக்கு அடியில் இருக்கிறதா, வெளியே தனியாகத் தெரிகிறதா? மேகம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, சுழி மொட்டையாக நின்றால் மேல்காற்று அதை வெட்டுகிறது. அது வலுக்கச் சிரமப்படும். ஆனால் தள்ளப்பட்ட மேகம் உங்கள் பக்கம் இருந்தால் மழைக்குக் குறைவிருக்காது.

6. உங்கள் வாசலில்: அழுத்தமும் காற்றும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் இதற்கு இணையம் வேண்டாம்.

பல கைப்பேசிகளில் காற்றழுத்தமானி உள்ளே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பதறுவார்கள். காலை பத்து மணிக்கு 1010 மில்லிபார், மாலை நாலு மணிக்கு 1006. "நாலு இறங்கிவிட்டது!" இல்லை. வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் அலைபோல ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து ஒட்டி உச்சம். மாலை நாலு, விடியற்காலை நாலு ஒட்டித் தாழ்வு. புயலே இல்லாத நாளிலும் மூன்று நான்கு மில்லிபார் வித்தியாசம் வரும். ஆகவே இன்றைய நாலு மணியை நேற்றைய நாலு மணியோடு மட்டும் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் இரண்டு, மூன்று என்று போனால் சரி, ஏதோ நெருங்குகிறது. காலை பத்தை ஒட்டி ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் அப்படியே கிடந்தால் அது இன்னும் தெளிவான அடையாளம். இன்னொன்று: ஒரே மாடியில் நின்று பாருங்கள். எட்டு மீட்டர் மேலே ஏறினால் ஒரு மில்லிபார் தானாகவே குறையும். மொட்டை மாடிக்குப் போய்ப் புயலைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

அப்புறம் காற்று. நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்பவை. காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். தாழ்வின் மையம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். வடக்கிலிருந்து வாடை அடித்தால், தெற்கு பார்த்து நிற்கிறீர்கள், இடது கை கிழக்கைக் காட்டும்: மையம் கடலில். வீதிக்குள் கட்டடங்கள் காற்றைத் திருப்பிவிடும் என்பதால் திறந்தவெளியிலோ தாழ்வான மேகம் ஓடும் திசையிலோ பாருங்கள்.

மையம் நெருங்க நெருங்க இந்தத் திசை எப்படித் திரும்புகிறது என்பதே விடை. வாடை மெல்லக் கிழக்குப் பக்கம் திரும்பி, கொண்டலாகி, பிறகு தென்கிழக்காகப் போனால் மையம் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. வடக்கிலிருந்து வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் உங்களுக்கு வடக்கே கடக்கிறது. திசை மாறாமல், வேகம் மட்டும் ஏறி, அழுத்தமும் இறங்கிக்கொண்டே போனால் நேராக உங்களை நோக்கித்தான்.

இந்த வித்தியாசம் சும்மா வேடிக்கைக்கு இல்லை. கிழக்குக் கடற்கரையில் மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். ஈரமும் அலையும் அங்கேதான் குவியும். தெற்கே உள்ள ஊர்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அங்கே மழை சட்டென்று விட்டுப்போவதும், வெறும் வறண்ட மேற்குக் காற்று வீசுவதும் வழக்கம். ஐம்பது கி.மீ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறினால் இருவேறு அனுபவம்.

7. ரேடார்

புயல் இருநூறு, முந்நூறு கி.மீ.க்குள் வந்ததும் ரேடாரைத் திறங்கள். சென்னையிலும் காரைக்காலிலும் வானிலைத் துறையின் ரேடார்கள் உண்டு. பூமி வளைவதால் ரேடார்க் கதிர் தூரம் போகப் போக உயரே போய்விடும். 200 கி.மீ. தள்ளி அது ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் உள்ளதைத்தான் பார்க்கிறது. ஓரத்தில் வெறுமையாகத் தெரிந்தால் மழை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒற்றைப் படம் பயனில்லை. அரை மணி நேரத்துப் படங்களை ஓடவிட்டு, ஒரு மழைப்பட்டையின் முனையில் விரலை வையுங்கள். அந்தப் பட்டை குறுக்காக நகர்ந்து உங்களைக் கடந்தால் இருபது நிமிட மழை. நீளவாக்கில், ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அதே தண்டவாளத்தில் வந்தால், அதுதான் வெள்ளம். முன்பெட்டி உங்களைத் தாண்டும்போது பின்பெட்டி கடலில் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும்.

8. கரை கடக்கும் நேரம்

இதற்குள் நீங்கள் பார்ப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், ஜன்னலிலிருந்தாவது. கைப்பேசி முழுச் சார்ஜில், குடிநீர் நிரப்பி, தாழ்வான இடமென்றால் வெளியேறச் சொன்னபோதே வெளியேறி இருக்க வேண்டும். வீட்டு நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் மாவட்ட நிர்வாகம் கிளம்பச் சொன்னால் கிளம்புவதுதான்.

துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளை இந்தச் சமயத்தில் செய்தியில் சொல்வார்கள். 1, 2 தூரத்தில் உள்ளதைக் குறிக்கும்; 3, 4 அந்தத் துறைமுகத்துக்கானவை; 5, 6, 7 அபாயம்; 8, 9, 10 பெரும் அபாயம்; 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. 5-க்கும் 6-க்கும் இடையே கடுமையில் வித்தியாசம் இல்லை. பாதையின் எந்தப் பக்கம் துறைமுகம் விழுகிறது என்பதுதான் வித்தியாசம். "ஐந்திலிருந்து ஆறுக்கு ஏற்றிவிட்டார்கள்" என்று பயப்பட ஒன்றுமில்லை.

மையம் நேராக உங்கள் மேல் போனால், கொந்தளிப்பு நடுவே திடீரென்று அமைதி வரும். 2016 டிசம்பர் 12 பிற்பகல் வர்தா சென்னையைக் கடந்தபோது அப்படித்தான் ஆனது. காற்று நின்றது, மழை நின்றது, ஆட்கள் விழுந்த மரங்களைப் படம் எடுக்கத் தெருவுக்கு வந்தார்கள். அழுத்தமானியைப் பார்த்தால் தெரிந்திருக்கும்: அப்போதுதான் அது ஆகக் கீழே இருக்கும். அடுத்து எதிர்த் திசையிலிருந்து காற்று வரும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்த மரங்கள் அந்த இரண்டாவது சுற்றில்தான் விழும்.

கடல்நீர் மட்டம் உயர்வது ஆழம் குறைந்த கரைகளில் மோசமாக இருக்கும். வேதாரண்யம் பக்கமும் பாக் நீரிணையும் அப்படிப்பட்டவை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இந்த நீர்தான்.

9. உள்ளே போன பிறகு

கரை கடந்தது என்ற செய்தியோடு டெல்டாவிலும் சென்னையிலும் பார்ப்பதை நிறுத்துவார்கள். நீங்கள் இன்னும் இரண்டு நாள் எழுதுங்கள். ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஏறிய மறுநாள், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஏறிய கஜா, தமிழகத்தைக் குறுக்கே கடந்து அரபிக்கடலில் இறங்கியது. மேலே மழை விட்ட பிறகு ஆற்றில் தண்ணீர் வர ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளைக்கு மழைப் படத்தை மூடிவிட்டு அணையிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

கடைசியாக நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் மூன்று நாள் முன்பு நீங்கள் எதிர்பார்த்த இடம், நேரம், மழை. வலது பக்கம் நடந்தது. என் நோட்டில் வலது பக்கம் பெரும்பாலும் இடதைவிடத் தாமதமாகத்தான் இருக்கிறது. அடுத்த தாழ்வுக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.